ஒரட்டாங்கைக்கு ஒரு ரிவால்வர்

1

இரண்டு மாதத்துக்கு முன் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோவையில் இருந்த காலத்தில் நான் உறுப்பினனாக இருந்த துப்பாக்கி சுடும் கழகம் வெள்ளி விழா கொண்டாடப் போகிறதாம். மலர் போடுகிறார்களாம். பதினாறு வருடமாக ஜெர்மனியில் குடியிருக்கும் மூத்த உறுப்பினர் என்ற முறையில் நானும் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'கைவேலையில் செய்த விலை உயர்ந்த ரிவால்வர்கள் இலக்குச் சுடுதலுக்குத் தேவைதானா?' அடியில் புதுச் செயலாளர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார். 'இதைப் பத்தி உங்களை விட்டா சொல்றதுக்கு ஆள் இல்லைன்னு தலைவர் சொன்னாருங்க.'

தலைவர் சொன்னாராம். அந்த வரியைப் படித்த வேகத்தில் டீயை மேஜைத் துணி மேல் கொட்டிவிட்டேன். என் மனைவி சரோஜா துணியை உருவிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டாள். "அஞ்சு வருசமாச்சுங்க. இன்னுமா?" என்றாள். இன்னும்தான். செத்தால்தான் தீரும் போலிருக்கிறது.

அந்த மலருக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் சரியில்லை. அதனால் அவர்களுக்குச் சொல்லாமல் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக ஆரம்பித்தவன். நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்துவதற்காகக் கோவைக்கு வந்த ஜெர்மன்காரர்கள், என் கைவேலையைப் பார்த்துவிட்டுக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார்கள். காலையில் ஆறேகாலுக்கு பஸ், ஏழு மணிக்குத் தொழிற்சாலை, நாலு மணிக்கு வீடு. சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கிராமத்துச் சுடும் சங்கம். இதுதான் என் வாழ்க்கை.

இங்கே ஒரு ரிவால்வர் வாங்க அனுமதி பெறுவது பெரும்பாடு. சங்கத்துக்கு ஒழுங்காக வந்தேன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதாமாதம் முத்திரை, பிறகு எழுத்துத் தேர்வு, இரும்புப் பெட்டி வாங்கிய ரசீது. அலுவலகத்தில் இருந்த அம்மாள், "இந்தியாவில் நீங்கள் எதைச் சுட்டீர்கள்?" என்று கேட்டாள். இலக்கு அட்டைக்கு என்ன வார்த்தை என்று அப்போது தெரியாது. காகிதம் என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை எழுதிக்கொண்டாள். பெட்டியைச் சோதிக்க வந்த அதிகாரி மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், போய்விட்டார். வீடு பெரிதா சின்னதா என்று அவர் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

3

பழனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கருமத்தம்பட்டிக்காரன். அப்பா விசைத்தறிக் கூலி. பழனி எங்கள் கழகத் தலைவருடைய மில்லில் சைடர். அதாவது நூற்கும் இயந்திரத்தின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த நூலை இணைக்கிறவன். எட்டு மணி நேரம் நடக்கிறவனுக்குக் கால் நடுங்காது. நூலைப் பிடிக்கிற விரலுக்குப் பதற்றம் கிடையாது. கல்லூரியில் ஒரு வருடம் என்.சி.சி.யில் இருந்தபோது சுடுவது பிடித்துப் போனது. படிப்பு நின்றது, சுடுவது நிற்கவில்லை.

அவன் ஒரட்டாங்கைக்காரன். சாப்பாட்டைத் தவிர எல்லாமே இடது கைதான். கழகத்தில் இருந்ததோ ஒரே ஒரு ரிவால்வர். வலது கைக்காரர்களுக்கென்று கட்டைவிரல் மேடு வைத்த பிடி. அந்த மேடு பழனியின் உள்ளங்கையில் போய்க் குத்தும். சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுடுவான். சுட்டு முடித்ததும் டியூபைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். ஊருக்கு வெளியே பழைய கல்குழியில்தான் எங்கள் சுடுதளம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் ஆளாக வந்துவிடுவான்.

அந்த டியூப் சுற்றிய துப்பாக்கியோடு தேசியப் போட்டிக்குப் போய் நாலாவதாக வந்தான். அதில் அவனுக்கு ஒரு தகுதி கிடைத்தது. நம் நாட்டில் பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தருவித்துவிட முடியாது. போட்டியில் சுட்டுக் காட்டியவர்களுக்குத்தான் அந்த உரிமை, அதுவும் ஒரே ஒரு துப்பாக்கிக்கு. கழகத்தில் கார் வைத்திருந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். உரிமை கிடைத்தது சைக்கிளில் வந்தவனுக்கு.

4

இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. தலைவரிடமிருந்து எங்கள் தொழிற்சாலை ஃபேக்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. பழனிக்கு அனுமதி வந்துவிட்டது, செலவைக் கழகத்தின் சார்பில் தானே ஏற்கிறேன், ஜெர்மனியில் கைவேலையாக ரிவால்வர் செய்கிறார்களாமே, அது நன்றாக இருக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழனிக்கு ஒரு முதலாளி துப்பாக்கி வாங்கிக் கொடுக்கிறார். கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பட்டறை. மூன்றே பேர் வேலை செய்தார்கள். என் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். போல்ட், நட்டு, லீவு இதற்கெல்லாம் போதும். அதனால் என் மகள் நித்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதிமூன்று வயது. இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுவாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பட்டறைக்காரர் முதலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் அவர் மேஜையிலிருந்த அரத்தைப் பிடித்த விதத்தைப் பார்த்த பிறகுதான் பேசினார்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. ரிவால்வரில் தோட்டா போடும் ஆறு அறைகளும் சுழன்று வந்து ஒவ்வொன்றாகக் குழாய்க்கு நேரே நிற்க வேண்டும். அந்த இடத்தில் தொழிற்சாலைத் துப்பாக்கியில் இம்மியளவு ஆட்டம் இருக்கும், இதில் இல்லை. ட்ரிக்கர் இழுபடுவதே தெரியாது. நினைத்தோம், அடித்தது, அவ்வளவுதான். ஒரே மனிதர் வாரக்கணக்கில் அரம் போட்டு இழைத்தது. நானும் அரம் பிடித்தவன். எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒருவரிடம் அதே பட்டறையின் ரிவால்வர் இருந்தது. அதையும், மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள சாதாரணப் போட்டி ரிவால்வரையும் மூன்று சனிக்கிழமை மாற்றி மாற்றிச் சுட்டேன். மணல் மூட்டையில் கையை வைத்து, இருபத்தைந்து மீட்டரில் ஐந்தைந்து குண்டுகள். சாதாரணத் துப்பாக்கியின் ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய்க் காசு மறைத்தது. கைவேலைத் துப்பாக்கியினுடையதை நாலணாக் காசு மறைத்தது. அழகுதான். ஆனால் பத்து மதிப்பெண் வட்டம் இரண்டு காசையும்விடப் பெரியது. மணல் மூட்டையை எடுத்துவிட்டு எழுந்து நின்று சுட்டால் என் கை ஆடுகிற ஆட்டத்தில் எந்தத் துப்பாக்கி என்றே தெரியவில்லை. அதோடு, நம் ஊரில் கிடைக்கும் தோட்டா ஒன்று ஓங்கி வெடிக்கும், அடுத்தது இருமும். அதைப் போட்டுச் சுடுவதற்கு நாலணா என்ன, ரூபாய் என்ன?

தலைவருக்கு நாலு பக்கம் எழுதினேன். கைவேலை ரிவால்வர் வேண்டாம். சாதாரணப் போட்டி ரிவால்வர் ஒன்று, இடது கைப் பிடியோடு. மிச்சப் பணத்துக்கு நல்ல தோட்டா. இலக்குச் சுடுகிறவனுக்கு வேண்டியது கைக்குப் பொருந்துகிற பிடியும், ஒரே சீரான தோட்டாவும், வாரம் தவறாத பயிற்சியும்தான். மற்றதெல்லாம் பார்க்க அழகு.

பதில் வந்தது. 'நம்ம பழனிக்கு வாங்கறதை நல்லதாவே வாங்கிப்போடலாமுங்க தம்பி.' என் நாலு பக்கத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வரி. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். சரோஜாவிடம் படித்துக்கூடக் காட்டினேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த நாட்டில் இருந்திருக்க மாட்டான்.

5

கைவேலை ரிவால்வரில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவன் தன் கையை வெள்ளைத் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து அனுப்ப வேண்டும். அந்த அளவுக்குத்தான் வால்நட் கட்டையில் பிடியைக் குடைவார்கள். தலைவருக்கு எழுதிக் கேட்டேன். படம் வந்தது.

வலது கை. தடித்த விரல்கள். நாலாவது விரலில் மோதிரத்தின் மேடுகூடப் பென்சில் கோட்டில் தெரிந்தது.

உடனே கோவைக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நல்லா இருக்கீங்களாங்க? ஊட்டுல அம்மணி, பாப்பாவெல்லாம் சௌக்கியமுங்களா?" என்றார் தலைவர்.

"எல்லாரும் சௌக்கியமுங்க. கைப்படம் வந்துச்சுங்க. அது பழனி கை இல்லீங்களே."

"ஆமாங்க, என்ற கைதானுங்க."

"பழனி ஒரட்டாங்கைக்காரனுங்க."

"தெரியுமுங்க தம்பி. துப்பாக்கி பழனி பேர்லதானுங்க வருது. கை யாரு கையா இருந்தா என்னங்க?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்கிற அதே குரல். அவரே, "பழனி இங்கதான் ஆபீஸ்ல நிக்கறானுங்க, பேசுங்க," என்று போனைக் கொடுத்தார்.

"சொல்லுங்ணா."

"நீ இதுக்கு ஒத்துக்கிட்டியா?"

"தலைவர் சொன்னா சரியாத்தானுங்ணா இருக்கும்."

"இருக்கறது ஒரு துப்பாக்கிக்கு அனுமதி. அதையும் இப்படிக் குடுத்துட்டா உனக்கு என்னடா இருக்கு?"

"போட்டிக்கு முன்னால ரெண்டு நாள் எடுத்துக்கச் சொல்லியிருக்காருங்ணா. போதுமுங்ணா." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "லைசென்ஸுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஊட்டைப் பாத்தாருங்ணா. தகரம் போட்ட ஊட்டுல இதை எங்க வெப்பேன்னு கேட்டாரு. எப்படியும் கழகத்துப் பெட்டியிலதான் வெக்கோணும்."

கழகத்துப் பெட்டியின் சாவி யாரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். நாய் வந்தால்கூட வாங்க என்போம் என்று கேலி செய்வார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: ஒருவன் வாயிலிருப்பதைப் பிடுங்கும்போதும் இதே மரியாதைதான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் பழனி திருப்பித் திட்டியிருப்பான். ங்க போட்டுப் பிடுங்கினால் ங்க போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

6

அன்றே பழனியின் வீட்டு விலாசத்துக்கு எழுதினேன். உன் இடது கையை வரைந்து அனுப்பு என்று மட்டும். எதற்கு என்று சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் வந்தது. மில்லின் லீவு விண்ணப்பத் தாளின் பின்பக்கம் வரைந்திருந்தான். இடது கையை வைத்து வலது கையால் வரைந்ததில் கோடு அங்கங்கே கோணியிருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். 'அண்ணா, நீங்க கேட்டீங்கன்னு அனுப்பறேன். உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்கும் குடுத்துராதீங்க.'

நான் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறிப் போய், தலைவரின் கையை என் பைக்குள் வைத்துக்கொண்டு, பழனியின் கையைப் பட்டறை மேஜை மேல் வைத்தேன். நித்யா கூட இருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். வீட்டில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்கே தெரிந்திருக்கும். அவள் மெதுவாக ஜெர்மனில் கேட்டாள்: "அந்த மாமா இதைக் குடுக்கச் சொன்னாரா?"

"உனக்கு நம்ம ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சொன்னதை மட்டும் அவர்கிட்டச் சொல்லு," என்றேன்.

சொன்னாள். திரும்பி வரும்போது இரண்டு மணி நேரமும் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கேயும் எனக்காகப் பேச வரவில்லை.

எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு முதலாளியின் கன்னத்தில் அறைந்துவிட்டேன் என்ற திமிரில் இருந்தேன். அறைந்தது நான், அறை திரும்ப வந்தால் வாங்க வேண்டியவன் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் ஜெர்மன்காரன் கொடுக்கிறான். வீரத்துக்கு என்ன குறைச்சல்?

ஏழெட்டு மாதம் டில்லிக் காகிதமும் மெட்ராஸ் சுங்கமுமாக அலைந்து ரிவால்வர் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்குழியில் எல்லாரும் சூழ்ந்து நிற்கப் பெட்டியைத் திறந்தார்களாம். தலைவர் எடுத்துப் பிடித்தார். கை உட்காரவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "இது பழனிக்குச் செஞ்சதாட்ட இருக்குதுங்க," என்று பழனியிடம் நீட்டினார். பழனி அன்று சுட்டதைப் போல அந்தக் கல்குழியில் யாரும் சுட்டதில்லை என்று அங்கே இருந்த நண்பன் எழுதினான். தலைவரே முதலில் கைதட்டினாராம். பிறகு துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

மறு வாரமே நகரத்தில் ஒரு நல்ல தச்சரிடம் கொடுத்து, தலைவரின் கைக்குத் தேக்கில் பிடி செய்தார்கள். ரிவால்வரின் பிடியைக் கழற்ற ஒரே ஒரு ஸ்க்ரூதான். அரை நிமிட வேலை. பதினெட்டு வயதிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற எனக்கு இது தோன்றவே இல்லை.

மாதம் முடிவதற்குள் பழனிக்கு மாற்றல் வந்தது. வேலையை விட்டு நீக்கவில்லை. தலைவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. சம்பளம்கூடக் கொஞ்சம் அதிகம். காங்கேயத்தில் அவர் குடும்பத்தின் எண்ணெய் மில்லில் எடை போடுகிற வேலை. வார விடுமுறை செவ்வாய்க்கிழமை.

7

போன வருடம் லீவில் போனபோது காங்கேயத்துக்குப் போனேன். கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே ஒரு தராசுப் பக்கம் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் "வாங்ணா, வாங்ணா" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் சதை போட்டிருந்தது. எதிரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"சுடறதுக்குப் போறதில்லையா?" என்றேன்.

"மூணு பஸ்ஸுங்ணா. ஞாயித்துக்கெழமை இங்க வேலை. செவ்வாக்கெழமை அங்க பூட்டிக் கெடக்கும்."

"அந்த ஒரு நாள் எப்படி இருந்துச்சு?"

டீக் கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தான். இடது கையை நீட்டி விரல்களை மெதுவாக மடக்கினான். அவன் மணிக்கட்டு அப்போதும் ஆடவில்லை. "கைக்குள்ள ஒண்ணு இருக்கறதே தெரியலீங்ணா. நெனைச்ச எடத்துல போயி உக்காந்துச்சு. முப்பதே குண்டுதான். இன்னும் கையிலயே இருக்குது."

"அப்ப அவ்வளவு வெலை குடுக்கலாம்ங்கறியா?"

"குடுக்கலாமுங்ணா. நீங்க வேண்டாம்னு எழுதினீங்களாமே, தப்புங்ணா," என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. தலைவரைத் திட்ட ஆரம்பித்தேன். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்கியபோது சொன்னான்.

"எனக்குத் தலைவர் மேல கோவம் இல்லீங்ணா. அவரு எப்படீன்னு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் தலையாட்டினேன். டியூப் சுத்துன பழைய துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. அது போதும்னுதான் இருந்தேனுங்ணா." டீக் கிளாஸைக் கையில் எடுத்தான். "யாருக்கும் குடுத்துராதீங்கன்னு எழுதியிருந்தேனுங்ணா. குடுத்துப்போட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்ணா."

குரலை உயர்த்தவில்லை. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். நான் நீட்டியதை வாங்கக் கடைக்காரரை விடவில்லை. பஸ் வரும்வரை கூட நின்று, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

8

ஆக, வெள்ளி விழா மலர்க்காரர்களுக்கு என் பதில்: நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். நான் மூன்று சனிக்கிழமை சுட்டுப் பார்த்துக் காசை வைத்து அளந்தவன். உங்கள் தலைவர் தேக்குப் பிடி போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பவர். அந்த ரிவால்வரால் ஒழுங்காகச் சுட்டவன் ஒருவன்தான். அவன் பெயர் இன்னும் அதன் லைசென்ஸில் இருக்கிறது. அவனிடம் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், உங்கள் அழைப்பிதழ்கூட அவனுக்குப் போயிருக்காது.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஜென்மத்தில் ஆறாது. என் மேல் இருக்கிறதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு முன் காங்கேயத்துக்குக் கடிதம் போட்டு, உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பதில் ஒரு அஞ்சலட்டையில் வந்தது. 'எழுதுங்ணா. பேரை மட்டும் மாத்திப்போடுங்க. இங்க வேலை இருக்கோணுமில்லீங்களா.'

நாட்டிலேயே நாலாவதாகச் சுட்டவன். அவன் பெயர் பழனி இல்லை.